மரத்தில் தங்கிய அம்பு

அந்தமான் தீவுக் கூட்டத்தில், தலைநகருக்கு மேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் வட சென்டினல் என்றொரு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் பவளப்பாறை, உள்ளே அடர்ந்த காடு. அங்கு வாழும் மக்கள் வில்லும் அம்பும் ஏந்தி வேட்டையாடியும், கரையோரத்தில் மீன் பிடித்தும் வாழ்கிறார்கள். வெளியார் எவரும் தங்கள் மண்ணில் காலடி வைப்பதை அவர்கள் விரும்புவதில்லை. 1956ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இத்தகைய தீவுகளை அணுகுவதைத் தடை செய்கிறது.

2006 ஜனவரி மாத இறுதியில் இரண்டு பேர் ஒரு சிறு படகில் அத்தீவின் பக்கம் நண்டு வேட்டைக்குச் சென்றார்கள். சேற்று நண்டுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. எவரும் போகக்கூடாத இடத்தில் நண்டு மிகுதியாகக் கிடைப்பதும் இயல்பே. அன்றிரவு படகைக் கரைக்குச் சற்றுத் தொலைவில் நிறுத்திவிட்டு இருவரும் உறங்கிப் போனார்கள். முறையான நங்கூரம் அவர்களிடம் இல்லை. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒன்றைச் செய்து இறக்கியிருந்தார்கள். இரவில் அது பிடி நழுவியது. நீரோட்டம் படகை மெல்ல மெல்லத் தீவை நோக்கி இழுத்தது. அப்பக்கமாகச் சென்ற மற்ற மீனவர்கள் கூவி எச்சரித்தும் படகிலிருந்து மறுமொழி இல்லை. பொழுது விடிந்தபோது படகு ஆழமற்ற கரையோரம் சேர்ந்திருந்தது. தீவினர் இருவரையும் கொன்றார்கள். உடல்களைத் தேடிச் சென்ற கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரையும் அம்புகளே வரவேற்றன.

செய்தித்தாள்கள் இதனை விதவிதமாக எழுதின. வாசகர் மனத்திலும் இரு வேறு குரல்கள் எழுந்திருக்கும். பாவம், நங்கூரம் நழுவியதற்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்பது ஒன்று. போகக்கூடாத இடத்துக்குப் போனவர்களுக்கு வேறென்ன கிடைக்கும் என்பது மற்றொன்று. முதற்குரல் இரக்கத்தின் குரலாகவும் இரண்டாவது நீதியின் குரலாகவும் தோன்றலாம். ஆனால் இரண்டுமே அவசரக் குரல்கள். நங்கூரம் நழுவியது விபத்தா, குற்றமா? இந்தக் கேள்வி அவ்வளவு எளிதில் தீர்வதன்று. நம் அன்றாட வாழ்வின் பெரும் பகுதி இக்கேள்விக்குள்தான் அடங்கிக் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

நம் மொழியையே பாருங்கள். கையிலிருந்த குடத்தைக் கீழே போட்ட சிறுமி, குடத்தை உடைத்தேன் என்று சொல்வதில்லை. குடம் உடைந்துவிட்டது என்கிறாள். குடம் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து உடைந்துகொண்டது போல! வளர்ந்த பின்னும் இந்தப் பேச்சு நம்மை விட்டு நீங்குவதில்லை. வண்டி மோதிவிட்டது, கடிதம் தவறிவிட்டது, பேச்சு சற்றுத் தடித்துவிட்டது. தன்வினை, பிறவினை என்று இலக்கணம் வகுத்த வேறுபாட்டை நம் மனச்சான்று தனக்கு வேண்டிய இடத்தில் வேண்டியபடி பயன்படுத்திக்கொள்கிறது. செய்த ஒன்றை நேர்ந்த ஒன்றாக மாற்ற ஒரு வினைமுற்றே போதுமானதாக இருக்கிறது.

இக்கேள்வியை மிகுந்த பொறுமையோடு ஆராய்ந்தவர்களுள் புனித தோமாஸ் அக்குவினாஸ் ஒருவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் எழுதிய இறையியல் தொகுப்பில், தற்செயலாக ஒருவரைக் கொல்பவர் கொலைப் பாவத்துக்கு ஆளாகிறாரா என்று ஒரு தனி வினா இருக்கிறது. அவர் எடுத்துக்கொள்ளும் முதல் எடுத்துக்காட்டே ஒரு வேட்டை விபத்துதான். தொடக்கநூலில் வரும் இலாமேக்கு தன் மனைவியரிடம் தான் ஒரு மனிதனைக் கொன்றதாகக் கூறுகிறான். அந்தச் சில சொற்களைச் சுற்றிப் பழங்காலத்தில் ஒரு கதை வளர்ந்தது. இலாமேக்கு கண்பார்வையற்ற வேடனாம். உடன் சென்ற இளைஞன் புதருக்குள் அசைவைக் கண்டு சுட்டிக்காட்ட, அவன் விலங்கென்று எண்ணி அம்பெய்தானாம். விழுந்தவனோ காயின்.

விலங்கென்று எண்ணி எய்தவன் கொலைகாரனா? அக்குவினாஸ் சொல்லும் விடை இரு படிகளைக் கொண்டது. முழுக்க முழுக்கத் தற்செயலாக நிகழ்வது நம் விருப்பத்துக்கு உட்பட்டதன்று. ஆகவே அது பாவமும் அன்று. ஆனால் நேரடியாக விரும்பாத ஒன்றையும் மனிதன் மறைமுகமாக விரும்பியவனாக முடியும். விலக்க வேண்டிய ஒன்றை விலக்காமல் விடுபவன், அதிலிருந்து விளைவதற்கும் ஒரு வகையில் பொறுப்பாளி. இது இரண்டு வகையில் நேரும் என்கிறார் அவர். செய்யத்தகாத செயலில் ஈடுபட்டிருக்கும்போது உயிர்ச்சேதம் விளைவது ஒன்று. செய்யத்தக்க செயலையே போதிய கவனமின்றிச் செய்யும்போது விளைவது மற்றொன்று. இலாமேக்கு போதிய கவனம் எடுக்கவில்லை; ஆகவே அவனுக்குக் குற்றத்திலிருந்து விலக்கில்லை.

‘போதிய கவனம்’ என்னும் இரண்டு சொற்களுக்குள்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. தசரதன் கதையை நாம் அறிவோம். ஓசையைக் கேட்டே இலக்கைத் துளைக்கும் வில்வித்தையில் அவன் வல்லவன். சரயு நதிக்கரையில் இருளில் குடத்தில் நீர் மொள்ளும் ஓசை கேட்கிறது. யானை நீர் அருந்துகிறது என்று எண்ணி எய்கிறான். கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் எடுக்க வந்த மகன் சாய்கிறான். தசரதனுக்கு அந்த இளைஞன்மேல் பகை ஏதும் இல்லை. அவனிடம் குறைந்தது திறமையும் அன்று. திறமை அளவுக்கு மிஞ்சி இருந்ததுதான் தொல்லை. காணாமலே எய்ய முடியும் என்ற பெருமை, கண்ட பின்பே எய்ய வேண்டும் என்ற எளிய கடமையை மறக்கடித்துவிட்டது. இந்தக் காலத்திலும் இது நடக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடற்பகுதியில் இத்தாலிய எண்ணெய்க் கப்பல் ஒன்றிலிருந்து சுட்டதில் ‘செயின்ட் ஆன்டனி’ என்னும் மீன்பிடிப் படகில் இருந்த இருவர் இறந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் நம் குமரி மாவட்டத்தவர். கடற்கொள்ளையர் என்று நினைத்துவிட்டோம் என்பதே கப்பல் தரப்பு கூறிய விளக்கம். வழக்குகள் பல ஆண்டு நடந்து, பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டுக்குப் பின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்தியாவில் நடந்த வழக்கை முடித்து வைத்தது. சரயுவில் குடத்தின் ஓசை. அரபிக் கடலில் ஒரு படகின் தோற்றம். அவ்வளவுதான் வேறுபாடு.

இதுவரை எய்தவன் கண்ணெதிரே இருக்கிறான். எய்தவன் யாரென்றே தெரியாத இடத்தில் என்ன செய்வது? அதற்கும் நம் நாட்டில் ஒரு கதை உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பழியஞ்சின படலம் என்று ஒரு பகுதி இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து ஓர் அந்தணர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மதுரைக்கு வருகிறார். வழியில் மனைவியை ஓர் ஆலமரத்தடியில் அமர்த்திவிட்டுத் தண்ணீர் தேடிச் செல்கிறார். அந்த மரத்தில் முன்பு எப்போதோ யாரோ எய்த அம்பு ஒன்று கிளைகளிடையே சிக்கிக் கிடக்கிறது. காற்று அடிக்கிறது. அம்பு நழுவி அந்தப் பெண்ணின் உடலில் பாய்கிறது. அதே மரத்தின் மறுபக்கத்தில் இளைப்பாற வந்த ஒரு வேடன் வில்லும் கையுமாக நிற்கிறான். திரும்பி வந்த கணவர் கண்டது இறந்த மனைவியையும் வில்லேந்திய வேடனையும். இதற்கு மேல் சாட்சி எதற்கு?

வேடனைப் பாண்டியன் முன் நிறுத்துகிறார்கள். அவனோ நான் அறியேன் என்கிறான். எவ்வளவு வருத்தியும் அதே சொல். அரசன் மனம் அமைதி கொள்ளவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் கொலை செய்தவன் முகமாகத் தெரியவில்லை. அவசரப்பட்டுத் தண்டித்தால் பழி தன்னைச் சேருமே என்று அஞ்சி இறைவனிடம் முறையிடுகிறான். நகரில் ஒரு திருமண வீட்டுக்கு அந்தணரோடு மறைந்து சென்று கவனிக்குமாறு அசரீரி கூறுகிறது. அங்கே எமதூதர் இருவர் பேசிக்கொள்வது அவர்கள் காதில் விழுகிறது. மணமகன் உயிரை எப்படிக் கவர்வது என்று ஒருவன் கேட்க, மரத்தில் தங்கிய அம்பைக் காற்றால் வீழ்த்தி அந்தப் பெண்ணின் உயிரைக் கொண்டதுபோல, மேளச் சத்தத்தில் மிரளும் மாட்டைக் கொண்டு இவன் உயிரைக் கொள்வோம் என்கிறான் மற்றவன். அவ்வாறே நடக்கிறது. வேடன் விடுதலை பெறுகிறான். அரசன் அவனிடம் பொறுத்தருளுமாறு வேண்டுகிறான்.

குற்றமற்ற ஏழை ஒருவனைத் தண்டிக்க அஞ்சிய அரசனைப் பாடிய கதை அது. அந்த அளவில் உயர்ந்த கதை. சூழ்நிலைச் சான்றை மட்டுமே நம்பித் தூக்குக் கயிற்றை எடுக்கும் எந்தக் காலத்து நீதிபதிக்கும் அது பாடம். ஆயினும் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். கதை முழுவதிலும் ஒரு கேள்வியை யாருமே கேட்பதில்லை. அந்தணர் கேட்கவில்லை, அரசன் கேட்கவில்லை, எமதூதரும் சொல்லவில்லை. அந்த அம்பை மரத்தில் எய்தவன் யார்? ஏதோ ஒரு பறவைக்குக் குறிவைத்திருப்பான். குறி தப்பியிருக்கும். அம்பு கிளையில் சிக்கியதைப் பார்த்திருப்பான். ஏறி எடுக்கச் சோம்பல்பட்டோ, பொழுது சாய்ந்துவிட்டதென்றோ வீட்டுக்குப் போயிருப்பான். அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பான். பின்னர் ஆலமரத்தடியில் ஒரு தாய் இறந்தாள் என்று ஊரார் பேசியபோது, ஐயோ பாவம் என்று அவனும் சேர்ந்து சொல்லியிருப்பான். அவனுக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பு உண்டு என்பது அவனுக்கே தெரியாது.

விபத்து என்று நாம் பெயரிடும் பலவற்றிலும் இப்படி மரத்தில் தங்கிய ஓர் அம்பு இருக்கிறது. காற்றை மட்டும் பார்க்கிறவர்கள் விதி என்கிறார்கள். பக்கத்தில் நின்றவனைப் பார்க்கிறவர்கள் குற்றவாளி என்கிறார்கள். அண்ணாந்து மரத்தைப் பார்ப்பவர்கள் குறைவு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லப் புராணம் வேண்டியதில்லை. நார்த்தாமலைக் குன்றுகளை அறியாதவர் இங்கு யார்? விசயாலய சோழீச்சரத்தைக் காண வருகிறவர்கள் ஏறும் அதே குன்றுகளின் பக்கத்தில், பசுமலைப்பட்டியில் ஒரு துப்பாக்கிச் சுடுதளம் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று காலை அங்கே படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் நார்த்தாமலையில், தாத்தா வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்து சாய்ந்தான். புதுக்கோட்டை மருத்துவமனையிலிருந்து தஞ்சைக்குக் கொண்டு சென்று அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான்.

துப்பாக்கிக் குண்டு இலக்கோடு நின்றுவிடுவதில்லை. தடுக்க ஏதும் இல்லாவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். அதனால்தான் சுடுதளத்தில் இலக்கின் பின்னால் உயர்ந்த மண்மேடோ குன்றோ இருக்க வேண்டும் என்கிறார்கள்; பயிற்சி நாளில் செங்கொடி ஏற்றுகிறார்கள்; சுற்றிலும் காவலர்களை நிறுத்துகிறார்கள். இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒரே ஒரு உண்மையை ஒப்புக்கொள்கின்றன: குறி தப்பும். குறி தப்புவதற்கென்றே கட்டப்பட்ட இடம்தான் பயிற்சித் தளம். அங்கே குறி தப்பியது என்று சொல்வது விளக்கமாகாது.

சிறுவன் சாகவேண்டுமென்று எவரும் விரும்பவில்லை. துப்பாக்கியைப் பிடித்தவர் விரும்பவில்லை. பயிற்சிக்கு ஆணையிட்டவரும், இந்த இடத்தைத் தேர்ந்து கோப்பில் கையெழுத்திட்டவரும், ஊருக்கும் தளத்துக்கும் உள்ள தொலைவை அளந்தவரும், அளக்க வேண்டியிருந்தும் அளக்காதவரும் விரும்பவில்லை. நான் விரும்பவில்லை என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்ல முடியும். கைகள் பெருகப் பெருகக் குற்றம் நீர்த்துக்கொண்டே போகிறது. கடைசியில் ஒருவர் பங்குக்கு ஒரு துளியும் மிஞ்சுவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் சாவு மட்டும் எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும் நீர்த்துப் போகாமல் முழுதாகவே இருக்கிறது. அரசு பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. தளத்தை மூட உத்தரவு வந்தது. நிரந்தரமாக மூட வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள். அண்ணாந்து மரத்தைப் பார்த்தவர்கள் அவர்கள்.

பெரிய படைகளுக்கும் அரசுகளுக்கும் மட்டும் உரிய செய்தி என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2020 ஜூனில் முசிறிப் பக்கத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், ஆற்றில் மீன்பிடிப்பதற்காக வாங்கி வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று கடித்து இறந்தான். காட்டுப் பன்றிக்கென்று வயலைச் சுற்றிக் கட்டிய மின்கம்பியில் மனிதர் சிக்கி மாண்ட செய்திகளையும் நாம் படிக்கிறோம். கம்பி கட்டியவர் பயிரைக் காக்க நினைத்தார். வெடி வாங்கியவர் மீனை நினைத்தார். நண்டை நினைத்துப் படகேறியவர்களையும் இவர்களோடு வைத்துப் பார்க்கலாம். அக்குவினாஸ் சொன்ன முதல் வகை இது. தகாத செயல் ஒன்றில் இறங்கும்போது, அதிலிருந்து எது கிளம்பும் என்பதை நம்மால் வரையறுக்க இயலாது.

சீனாய் மலைச் சட்டங்களைத் தொகுத்தவர்கள் உழவர்களும் ஆயர்களும் நிறைந்த மக்களுக்காக எழுதினார்கள். அதனாலோ என்னவோ, நம் கிராமத்து வாசகர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றுவதில்லை. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டுக்காரர் குற்றமற்றவர் என்கிறது விடுதலைப் பயண நூல். ஆனால் அது முட்டும் வழக்கமுள்ள மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவர் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் நிலைமை வேறு. மாட்டோடு அவரும் சாவுக்குரியவர். அறிந்திருந்தும் விட்டுவிட்டார் என்பதே வேறுபாடு. மாதா கோவில் திருவிழாவை ஒட்டித் தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் வாடிவாசல் திறப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, மாட்டின் குணம் அறிவது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் விராலிமலையில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டதைச் சாதனை என்று கொண்டாடினோம். அன்று இருவர் உயிரிழந்ததையும் அதே செய்தியின் கீழ்ப்பகுதியில் படித்தோம். ஜல்லிக்கட்டு வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது. அதை இங்கே மீண்டும் திறக்கும் எண்ணம் எனக்கில்லை. தடுப்பு வேலிக்கு எத்தனை அடி உயரம் என்று கேட்பதுதான் மோசேயின் சட்டத்துக்கு நெருக்கமான கேள்வி.

இப்படிப்பட்ட சாவு வீடுகளில் நாம் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: ஆண்டவர் சித்தம். அழுகிறவர்களுக்கு முன் வேறு சொல் கிடைக்காமல் அதைச் சொல்கிறோம். சொல்பவரின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் எமதூதர்மேல் பழியைப் போட்ட கதைக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த நிகழ்ச்சியை இயேசு குறிப்பிடுவது லூக்கா நற்செய்தியில் வருகிறது. இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பாவிகள் என்னும் எண்ணத்தை அவர் மறுக்கிறார். கடவுள் ஒரு நோக்கத்தோடு கோபுரத்தைத் தள்ளினார் என்றும் அவர் கூறவில்லை. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமே திருப்புகிறார். மனம் மாறுங்கள் என்கிறார். செத்தவர்களைப் பற்றிய கேள்வியை இருப்பவர்களைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிட்டார். திருப்பலித் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையிலும் செய்தவற்றோடு நின்றுவிடாமல், செய்யாமல் விட்டவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். மார்பில் தட்டிக்கொள்ளும்போது அந்தப் பகுதியை எத்தனை பேர் கவனித்துச் சொல்கிறோம் என்பது வேறு செய்தி.

நண்டு பிடிக்கப் போனவர்களின் தீவுக்கு மறுபடியும் வருவோம். அங்கேயும் மரத்தில் தங்கிய அம்பு ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டு ஜனவரியில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஒரு குழுவோடு அத்தீவில் இறங்கினார். காட்டுக்குள் நாட்கணக்கில் தேடி, வயது முதிர்ந்த ஓர் ஆணையும் பெண்ணையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேயருக்குக் கொண்டு சென்றார். அவர்களைக் கொல்வது அவர் நோக்கமன்று. பழகி, நட்புண்டாக்கித் திருப்பி அனுப்புவதே திட்டம். வெளியுலக நோய்களைத் தாங்கும் வலிமையற்ற உடல்கள் அவை. ஆறு பேரும் நோயுற்றார்கள். முதியவர் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளை நிறையப் பரிசுப் பொருள்களோடு தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். முதியவர்களை இழந்து பரிசோடு திரும்பிய அந்தக் குழந்தைகள் கரையில் நின்றவர்களிடம் என்ன சொன்னார்களோ! அம்மக்களின் மொழி வெளியார் எவருக்கும் புரியாத மொழி, கேட்டறிய வழியில்லை. பரிசு கொடுத்து ஈடு செய்துவிட்டோம் என்று நினைத்தவர்கள் படகேறிப் போய்விட்டார்கள். 126 ஆண்டுகள் கழித்து ஒரு நங்கூரம் நழுவியது.

கொல்லப்பட்ட இருவரில் ஒருவருடைய தந்தை அப்போது கூறியதாக ஒரு செய்தி வந்தது. அவர் தீவினரைப் பழிக்கவில்லை. உண்மையில் துன்புறுத்தப்படுகிறவர்கள் அவர்களே என்றும், அத்துமீறி வருகிறவர்களுக்கு அஞ்சித் தங்களைக் காத்துக்கொள்ளவே அவர்கள் அம்பெடுத்தார்கள் என்றும் அவர் கூறினாராம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் எமதூதரையும் காட்டவில்லை. பக்கத்தில் வில்லோடு நின்றவர்களையும் காட்டவில்லை. பாண்டியன் அவையில் எவரும் கேட்காத கேள்வியை அந்தத் தந்தை கேட்டிருக்கிறார். அக்கேள்வியின் விடை ஓரளவு தம் மகன் பக்கமே வரும் என்பது தெரிந்தும் கேட்டிருக்கிறார்.

அப்படியானால், தெரியாமல் ஓர் உயிரைப் போக்கியவன் என்னதான் செய்ய வேண்டும்? அவனை மீளாக் குற்றவாளியாக்குவதும் தவறு. நீ ஒன்றும் செய்யவில்லை போ என்பதும் தவறு. இந்த இரண்டுக்கும் நடுவே பழைய ஏற்பாடு ஓர் இடத்தைக் கட்டி வைத்தது. செங்கற்களால் கட்டிய மெய்யான இடம். இருவர் காட்டுக்கு மரம் வெட்டப் போகிறார்கள். ஒருவன் ஓங்கும்போது கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று பறந்து மற்றவன்மேல் பட்டு அவன் சாகிறான். வெட்டியவனுக்கு முன்பகை ஏதும் இல்லை. இவன் ஓடிச் சென்று உயிர் பிழைக்க அடைக்கல நகர்களை ஒதுக்கி வையுங்கள் என்கிறது இணைச் சட்டம். யோர்தானுக்கு இப்பக்கம் மூன்று, அப்பக்கம் மூன்று என ஆறு நகர்கள். அவற்றுக்குச் செல்லும் பாதைகளைச் செப்பனிட்டு வையுங்கள் என்றும் சொல்கிறது. பழிவாங்கத் துரத்தி வருகிறவன் எட்டிப் பிடிப்பதற்குள் இவன் போய்ச் சேர வேண்டுமே! விபத்து நேர்ந்த பின் சாலை போட முடியாது.

ஆனால் அந்த நகரம் அவனுக்கு வீடன்று. எண்ணிக்கை நூல் அதற்கு ஓர் எல்லை வைக்கிறது. தலைமைக் குரு இறக்கும் வரை அவன் அங்கேயே தங்க வேண்டும். எல்லை தாண்டி வெளியே வந்தால் பாதுகாப்பில்லை. பணம் கொடுத்து முன்கூட்டியே ஊர் திரும்பவும் முடியாது. அவன் கொலைகாரன் அல்லன் என்று சட்டமே கூறுகிறது. ஆயினும் மனைவி மக்களோடு பழைய வயலில் மறுநாளே ஏர் பிடிக்க அவனை அது விடவில்லை. இறந்தவனின் வீட்டார் அந்த வயல் வழியாகத்தானே நடந்து போவார்கள்!

தலைமைக் குருவின் சாவுக்கும் இவன் விடுதலைக்கும் என்ன தொடர்பு என்று யூத அறிஞர்கள் பிற்காலத்தில் கேட்டிருக்கிறார்கள். தம் காலத்தில் இப்படியொன்று நேராதபடி மக்களுக்காக அவர் மன்றாடியிருக்க வேண்டும், மன்றாடவில்லை என்பது தல்மூது தரும் ஒரு விளக்கம். காட்டில் எங்கோ கழன்ற கோடரிக்கு எருசலேமில் பலிபீடத்தின் முன் நிற்கிறவரையும் பொறுப்பாக்கிவிட்டார்கள். மிஷ்னா என்னும் பழைய யூதத் தொகுப்பு இதோடு இன்னொன்றையும் சேர்க்கிறது. அடைக்கல நகரில் இருப்பவர்கள், தாங்கள் விரைவில் ஊர் திரும்ப வேண்டித் தலைமைக் குரு சாக வேண்டும் என்று இறைவனை வேண்டிக்கொண்டால் என்ன செய்வது? அந்த அச்சத்தால், தலைமைக் குருவின் தாய் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து வருவாராம்.